கடத்துக்காரிக்குக் கொடுக்க வேண்டியது

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா, அதாவது உம்மாவின் தம்பி, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். உம்மா திரைச்சீலைக்குப் பின்னால். அன்னிய ஆண்கள் வந்திருந்ததால் பாதங்கள் மட்டும் தெரிய நின்றாள். நான் ஜன்னல் பக்கம். கம்ப்யூட்டரை விலைக்கு எடுக்க வந்த தக்கலைக்காரர். அவரை ஏற்றி வந்த ஆட்டோ டிரைவர், எங்கள் ஊர்க்காரர்தான், தூக்கிக் கொடுக்கக் கூட வந்தவர். வாப்பா சவுதியில் இருந்தார். ஆனாலும் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விலை பேசுவது அவர் காதில் விழட்டும் என்று டெலிபோன் ரிசீவரை மேசைமேல் மலர்த்தி வைத்திருந்தார்கள். ஆக ஆறு பேர். ஏழாவதாக ஒருவனும் இருந்தான். அவன் பெட்டிக்குள் இருந்தான். ஆற்றுக்கு அக்கரையில், கையில் விளக்கோடு, இருட்டில் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேவைப்படுகிற வயது. போன மாதம் கண்ணாடிக் கடையில் அந்த எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தபோது எழுந்து போய்விடப் பார்த்தேன். கடைசி வரி தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று கடைக்காரப் பையனிடம் மூன்று முறை கேட்டேன். ஒன்றும் ஆகாது, கண்ணாடி போடுவோம் என்றான். என் சுபாவம் அப்படி. கதவைப் பூட்டினோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். எட்டாவதோடு நின்றவள் வேறு. எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் போனில் விளையாடுகிறான். அதில் அவனுடைய ஆள் செத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கிறான், உடம்பில் கீறல்கூட இல்லாமல். அவனுக்குப் பயமே கிடையாது. எங்களுடைய விளையாட்டில் செத்தால் செத்ததுதான்.

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வந்த முதல் வீடு எங்களுடையது. மாமா சவுதியில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவில் வரும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து ஜீப்பில், கம்பளிக்குள் பொதிந்து, நைலான் கயிறு சுற்றி அதைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தின லீவில் டேப்ரிக்கார்டர் வந்தது, அதற்கு முன்னால் மிக்ஸி. அந்தப் பெட்டிகளுக்கு எல்லாம் ஒரே மணம்தான். சோப்பும் பேரீச்சம்பழமும் புது ரப்பரும் கலந்த ஒரு மணம். அதை உள்ளறையில் வைத்தார்கள். உம்மா தொழுகைக்கு உடுக்கிற பழைய வெள்ளை மக்கனாவை அதன்மேல் போர்த்தினாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குட்டையான பொம்பளை அறைக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

எதற்காக அதை வாங்கினீர்கள் என்று கேட்டால் மாமா, "பிள்ளைக்குப் படிக்க" என்று என்னைக் காட்டுவார். உண்மையில் அதில் படிக்க ஒன்றும் இல்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு சிடி மட்டும் இருந்தது. அட்டைப்படம்கூட இல்லாத தட்டு. அதைப் போட்டால் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு, உள்ளே எதையோ அரைக்கிற சத்தம் போடும். பிறகு திரை கறுத்து ஒரு மனிதன் தெரிவான். அரைத்துணி கட்டி, வெறுங்கையோடு, ஒரு ஊரின் வாசலில் நிற்பான். அவனுக்கு நாம் பெயர் வைக்க வேண்டும். மாமாவுக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. நான் ஆங்கில எழுத்தில் 'ஆளு' என்று அடித்தேன்.

பெயர் வைத்ததும் விளையாட முடியாது. அவனை உண்டாக்க வேண்டும். திரையில் ஆறு வார்த்தை வரும். பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்: பலம், தாங்கும் சக்தி, வேகம், பார்வை, பேச்சு, அதிர்ஷ்டம். கையில் கொஞ்சம் புள்ளிகள் தருவார்கள். அதை இந்த ஆறுக்கும் பங்கு வைக்க வேண்டும். எப்படிப் பங்கு வைத்தாலும் பற்றாது. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்று பட்டினி. கொடுத்ததைப் பிறகு திருப்பி எடுக்கவும் முடியாது. பல நாள் உயிரோடு இருந்து பல கஷ்டம் தாண்டினால் ஒரே ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

முதல் ஆளுக்கு எல்லாவற்றிலும் சமமாகப் பங்கு வைத்தோம். ஊர் வாசல் தாண்டியதும் நின்ற நாயிடம் அவன் செத்தான். திரையில் உன் பெயர் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. உண்மையிலேயே அழித்துவிட்டது. மாமா தன்னை அறியாமல் "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட்டார். உம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"லேய், ஆரு மௌத்தானது?"

"நம்ம ஆளு, லாத்தா. நாயி கடிச்சிட்டு."

உம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர்கிட்ட மருந்து வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது ஆளு கிணற்றில் விழுந்தான். அடுத்தவன் ஏதோ காளானைத் தின்றான். அதற்கடுத்தவன் எந்தத் தப்பும் செய்யவில்லை, வெட்டவெளியில் படுத்தான், குளிரில் செத்துப்போனான். அந்த விளையாட்டை உண்டாக்கியவர்களுக்கு மனிதர்கள்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. மாமா மட்டும் சளைக்கவில்லை. அரபிநாட்டில் முதல் வருடம் இதைவிட மோசம் என்பார். ஐந்தாவது தடவையும் பெயர் கேட்டபோது, மாற்ற வேண்டாம், ஆளு என்றே இருக்கட்டும் என்றார்.

இந்த ஆளுக்குப் புள்ளி பங்கு வைக்கும்போதுதான் எங்களுக்குள் முதல் சண்டை. எல்லாவற்றையும் தாங்கும் சக்தியில் கொட்ட வேண்டும் என்பது என் கட்சி. அடிபட்டாலும் சாகாமல் இருப்பான் அல்லவா. மாமா கேட்கவில்லை. பாதிக்கு மேல் பார்வையில் போட்டார்.

"இவ்வளவு பார்வை எதுக்கு மாமா? ஒரே அடியில செத்துருவான்."

"அடி எங்க இருந்து வருதுண்ணு தெரிஞ்சா பின்ன அடியே படாது, கேட்டியா."

பார்வை உள்ள ஆளுக்கு ஒரு வசதி உண்டு. ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு மினுங்கும். பார்வை கூடக் கூட அந்தக் கோடு முன்கூட்டியே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டில் உடம்பு தேற வேண்டுமானால் சாராயப் புட்டி ஒன்றைக் குடிக்க வேண்டும். மாமா ஆளைக் குடிக்க விடவில்லை. கிடைத்த பன்றி இறைச்சியைத் தின்ன விடவில்லை. ஊருக்குள் பகடை உருட்டுகிற இடம் இருந்தது. அங்கே போனால் சுலபமாகக் காசு சேர்க்கலாம். போகவில்லை. வட்டிக்குக் கொடுக்கிறவன் ஒருவன் சந்தை முக்கில் தராசோடு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்கனவே கொல்லத் துடிக்கிற விளையாட்டு. அதில் நாங்கள் எங்கள் பங்குக்கு நான்கு வாசலை அடைத்துவிட்டு விளையாடினோம். ஆளு ரொட்டியைத் தின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, மெதுவாக நடந்தான்.

"மாமா, இவன் கம்ப்யூட்டருக்குள்ள உள்ளவன்லா. இவனுக்கு ஹராம் உண்டுமா?"

"இவனுக்குக் கிடையாது மக்கா. அமுக்குத வெரலு ஆருக்க வெரலு?"

ஆளு திறக்கிற ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நான் குர்ஆன் வசனம் ஓதித் திரையில் ஊதினேன். ஊதும்போது கண்ணாடியில் இருக்கிற மின்சாரம் உதட்டு மயிரை இழுக்கும். இப்போதும் ஏதாவது பயம் வந்தால் அந்தக் கூச்சம் எனக்கு உதட்டில் தெரிகிறது.

மாமாவின் கண்ணைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அந்த மஞ்சள் கோட்டால்தான். வலது ஓரத்தில் கோடு மினுங்கினால் சில சமயம் தப்பிப்பார். இடது ஓரத்தில் மினுங்கினால் நேராக அதற்குள்ளேயே நடந்து போவார். "மாமா, இடது பக்கம்" என்று நான் கத்த வேண்டும். அப்போது தலையையே முழுதாகத் திருப்பிப் பார்ப்பார், கழுத்துப் பிடிப்பு உள்ளவர்போல. முதலில் கவனக்குறைவு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் உம்மா தந்த கட்டன் சாயாவை அவருடைய இடது கைப்பக்கம் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி பறக்கிற கிளாஸ் ஒரு முழத்துக்குள் இருந்தது. அவர் ரொம்ப நேரம் கழித்து, "சாயா தாறேன்னு சொன்னாளே, எங்க?" என்று கேட்டார்.

அன்று என்னிடம் சொன்னார். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறதாம். நடுவில் உள்ளது தெளிவாகத் தெரியும், சுற்றிலும் உள்ளது தெரியாது. ஒரு வருடமாகக் குழாய் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். சவுதியில் கம்பெனி கேட் தூணில் டிரெய்லரை உரசிவிட்டார். தூண் இருந்ததே தெரியவில்லை. அதனால்தான் லீவு, வீட்டில் பொழுது போகக் கம்ப்யூட்டர் வாங்கினது எல்லாம். வாப்பா வேறொரு கம்பெனியில் டிரைவர் விசாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அங்கே கண் டெஸ்ட் உண்டு.

"டாக்டர்கிட்ட போலாம் மாமா."

"போனா எழுதித் தந்துருவான் மக்கா. எழுதித் தந்தா பின்னெ நான் டிரைவர் இல்ல. நீ ஆருட்டயும் சொல்லாத."

எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்த நாளிலிருந்து எனக்கு இரட்டைக் கவலை. ஆளு சாகக் கூடாது. மாமாவுக்குக் கண் போகக் கூடாது. இரண்டும் எப்படியோ ஒன்றோடொன்று பிணைந்துகொண்டது. ஆளுக்குப் புதுப் புள்ளி கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் நானே, "பார்வையில போடுங்க மாமா" என்றேன். அங்கே ஒன்று கூடினால் இங்கேயும் ஒன்று கூடும் என்று நம்பினேன். யாரிடமும் சொல்ல முடியாத நம்பிக்கை.

வெளியே எல்லாருக்கும் அவர் சோம்பேறியாகத் தெரிந்தார். தடியன் மாதிரி இருக்கிறான், பொழுதெல்லாம் பெட்டிக்கு முன்னால், கூட ஒரு சிறுபிள்ளை. விசா எப்போது என்று கேட்டால், "ஆளு ஆறு கடக்கட்டு, பெறவு போறேன்" என்று சிரிப்பார். உம்மா அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் அவளிடம் கேட்பது, உன் தம்பி இன்னும் பெட்டியில் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறானா என்று.

விளையாட்டில் வருகிற அந்த ஆற்றைத் தாண்டினால் அக்கரை முழுக்க இருட்டு. விளக்கு இல்லாமல் அங்கே போகவே முடியாது. விளக்குக்கு ஏகப்பட்ட பொற்காசு. எங்கள் ஆளிடம் இருந்தது ஒரு கத்தியும் பாதி ரொட்டியும். வட்டிக்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். ஆற்றங்கரையில் ஒரு கிழவி தோணி வைத்திருந்தாள். தோணியில் ஆளை அக்கரை சேர்ப்பதை எங்கள் பக்கம் கடத்து என்போம். அதனால் அவள் எங்களுக்குக் கடத்துக்காரி. அவளிடம் போய்ப் பேசினால் நாலைந்து பதில் திரையில் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வாசித்து வாசித்துச் சொல்ல, மாமா எப்போதும் பணிவான பதிலையே எடுத்தார். ஒருநாள் அவள், விளக்குக்கு முந்நூற்று நாற்பது பொற்காசு நான் தருகிறேன், திரும்பி வந்தால் கொடு என்றாள்.

"வட்டி எவ்வளவுன்னு போட்டிருக்கு?" மாமா கேட்டார்.

நான் இரண்டு தடவை வாசித்தேன். வட்டி என்று ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "நம்ம ஆளுகளா இருப்பா போல" என்றார். ஆளு விளக்கு வாங்கினான். தோணியில் ஏறினான். அன்று கரண்டு போய், யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்த, ஒழுங்காக நிறுத்தவில்லை என்றால் எல்லாம் அழிந்துவிடும் என்று நான் அழ, மாமா தடவித் தடவி நிறுத்தினார். நிறுத்தினால் ஆளு நின்ற இடத்திலேயே நிற்பான். மறுநாள் அங்கிருந்துதான் தொடங்கும்.

அக்கரையில் நாங்கள் நன்றாகவே இருந்தோம். பார்வையில் போட்டதெல்லாம் அங்கேதான் பலன் தந்தது. வேறு எவனாக இருந்தாலும் செத்து விழுகிற இருட்டில் எங்கள் ஆளு ஒவ்வொரு மஞ்சள் கோட்டையும் தொலைவிலேயே பார்த்து ஒதுங்கினான். நான் மாமாவின் இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கோடு வந்தால் தோளில் தொடுவேன். பேச்சுகூட வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பொற்காசு சேர்ந்தது. கடனைத் தீர்க்கப் போதுகிற அளவு சேர்ந்த அன்று மாமா சொன்னார், இனிமேல் ஒரு அடி முன்னால் வைக்கக் கூடாது, திரும்பிப் போய் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றது.

அடுத்தநாள் காலையில் மாமா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூட வந்தார். மீன் ஏற்றின பைக் ஒன்று இடது பக்கத்திலிருந்து வந்தது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், பைக்குக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே போனான். மாமா சட்டையில் மீன் தண்ணீர் தெறித்திருந்தது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நேராக வீட்டுக்கு ஓடினேன்.

உம்மா முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், தூண், சாயா கிளாஸ், மஞ்சள் கோடு, பைக். டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று சொன்னேன். எல்லாவற்றிலும் உம்மா காதில் நின்றது மஞ்சள் கோடு ஒன்றுதான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினாள். பிறகு வாப்பாவுக்குப் போன் போட்டாள். ரிசீவரிலிருந்து வாப்பாவின் குரல் எறும்பு சத்தம்போல முற்றம் வரை கேட்டது.

"அதெப் பாத்துப் பாத்துதான் போச்சு. வேற என்ன? வித்துப்போடு. வெளிச்சம் அடிக்காம இருந்தா ஒரு மாசத்துல தன்னால செரியாவும்."

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவர்கள் கேட்டதும் நான் சொன்னதைத்தான். நடுவில் எங்கே மாறிப்போனது என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. மாமா வந்தார், வயர் பிடுங்கிக் கிடப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இப்படித்தான் தக்கலைக்காரர் வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழசு, மாடல் போயாச்சு, மானிட்டரில் கீறல் உண்டு என்று விலையைக் குறைத்துக்கொண்டே போனார். ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். மாமா போட்டார். பெட்டி பெருமூச்சு விட்டது. ஆளு இருட்டில் விளக்கோடு நின்றான்.

மாமா போட்டுவிட்டு முன்னால் இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார், "ஒரு அரை மணிக்கூர் தருவியளா? ஒரு கடன் நிக்குது. அதெக் குடுத்துட்டு நிறுத்துதேன்."

தக்கலைக்காரர் ஆட்டோ டிரைவரைப் பார்த்தார். மேசையிலிருந்து எறும்புக் குரல் கேட்டது.

"கடனா? ஆருக்குக் கடன்?"

மாமாவுக்குப் பொய் வராது. அதுவும் கடன் விஷயத்தில் வரவே வராது.

"கடத்துக்காரிக்கு, மச்சான்."

"பொம்பளையா?"

"பொம்பளைதான். வட்டியில்லாமத் தந்தா."

திரைச்சீலைக்குக் கீழே இருந்த உம்மாவின் பாதங்கள் ஒரு அடி பின்னால் போயின. டிரைவர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார். எனக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய் ரிசீவரில் வாயை வைத்துக் கத்தினேன், வாப்பா, அது பெட்டிக்குள்ள உள்ள பொம்பளை, கம்ப்யூட்டர் பொம்பளை என்று.

"பிள்ளையையும் பொய் சொல்லப் படிப்பிச்சு வச்சிருக்கான்" என்றார் வாப்பா. "நீ மிண்டாம இரி."

மிண்டாமல் வாயை மூடிக்கொண்டேன். டிரைவர் வயர்களைக் கழற்றினார். மாமா தக்கலைக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "உள்ள ஒரு ஆளு உண்டு. அவனை மட்டும் அழிச்சிராம வச்சிருப்பியளா?"

"தொடச்சிட்டுதான் தம்பி விப்பேன்" என்றார் அவர், நல்ல விதமாகவே. "வாங்குதவனுக்குப் புதுசா இருக்கணும்லா."

மக்கனாவை மட்டும் மேசைமேல் மடித்து வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டினால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மாதத்தில் கண் தன்னால் சரியாகும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். உம்மா பன்னீர் விட்டாள், ஓதின தண்ணீர் விட்டாள். மாமாவும், தெளிச்சல் உண்டு என்று சொல்லிவிட்டு விசாவில் போனார். கண் டெஸ்டில் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் நாகர்கோவிலில் கண் டாக்டர். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிற நோய், போனது திரும்பாது, முன்னாலேயே வந்திருந்தால் இருந்ததையாவது நிறுத்தியிருக்கலாம் என்றார். கம்ப்யூட்டர் பார்த்ததாலா என்று உம்மா கேட்டாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னார், சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ் தக்கலையில் நின்றது. உம்மா ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அந்த ஆளுக்க கடை இதுல எது?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை.

மாமாவுக்குச் சொட்டு மருந்து நேரம் தவறாமல் விட வேண்டும். நடத்திக் கொண்டுபோக ஆள் வேண்டும். இடது பக்கம் நின்று பழகினவள் நான்தான். எட்டாவது முடிந்தபோது, படிப்பை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. புது யூனிபார்ம் துணி எடுக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஜூன் மாதம் அப்படியே தாண்டிப்போனது.

ஆட்டோ டிரைவர் ஊரில் போய்ச் சொன்னது நிலைத்துவிட்டது. மாமா ஒரு பொம்பளைக்குக் கடன்பட்டிருக்கிறார், யாரோ கடத்துக்காரியாம், வீட்டுக்குத் தெரியாமலாம். எங்கள் ஊரில் கடத்துக்காரி என்று யாருமே கிடையாது என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. கண் பாதி தெரிந்த காலத்திலேயே அவருக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அந்தப் பேச்சு பெண் வீட்டுக்குப் போனதும் கலைந்துபோனது. நான் அப்போதும் சொல்லிப் பார்த்தேன். அக்கரை, விளக்கு, முந்நூற்று நாற்பது பொற்காசு என்று சொல்லச் சொல்ல அவர்கள் என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மாமாதான், விடு மக்கா, கடன் உள்ளதுதானே என்றார்.

இப்போது அடுத்த மாதம் மாமா மெக்காவுக்கு உம்ரா செய்யப் போகிறார். என் கணவர் கூட்டிப்போகிறார். "வண்டி ஓட்டின அதே ரோட்டுலதான் போவேன், பாக்கத்தான் மாட்டேன்" என்று சிரிக்கிறார். முழுதாக இருட்டாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பயணத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய், என்னால் ஏதும் தப்பு வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் தர வேண்டியது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது எங்களிடம் வழக்கம். கடனோடு போகக் கூடாது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு நாளாக ஊர் முழுக்க நடந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயா தந்தார்கள், துஆ செய்யச் சொன்னார்கள்.

கடைசியாகப் பாலத்துப் பக்கம் அந்த ஆட்டோ டிரைவரின் பெட்டிக்கடை. கிழவராகிவிட்டார். மாமாவுக்கு அவர் காக்கா, அண்ணன் முறை. ஸ்டூல் எடுத்துப் போட்டார். மாமா கேட்க வேண்டியதைக் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் மிட்டாய்ப் பாட்டில்களின் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் உன்கிட்ட கேக்கணும்" என்றார். "அண்ணைக்கு நான் வாய வச்சிக்கிட்டு இருந்திருக்கலாம். ஒரு குடும்பமா ஆயிருப்ப."

"அதெல்லாம் நான் எப்பவோ பொறுத்தாச்சு காக்கா."

"செரி, அந்தப் பொம்பளைக்க கடன் தீந்துதா?"

இப்போதாவது விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா என் முழங்கையை அழுத்தினார்.

"இல்ல காக்கா. கையில காசு இருந்துது, திரும்பிப் போவத்தான் முடியல்ல."

"எவ்வளவு?"

மாமா முகத்தை என் பக்கம் திருப்பினார், அந்தப் பழைய மாதிரி, கழுத்தோடு முழுதாக. "எவ்வளவு மக்கா?"

"முன்னூத்தி நாப்பது" என்றேன்.

கிழவர் நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். இவ்வளவு சின்னத் தொகைக்கா என்று அவர் வாய்க்குள் முனகியது எனக்குக் கேட்டது. கல்லாவைத் திறந்து, கசங்கின நோட்டுகளை நீவி நீவி எண்ணினார். எனக்க பாவத்துக்கு நான் தாறேன், அவ எங்க இருந்தாலும் கொண்டு குடு மக்கா என்று என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொன்னால் அழுதுவிடுவார்போல இருந்தது.

பாலம் ஏறும்போது மாமா கேட்டார், "வாங்கினியா?"

"வாங்கினேன் மாமா."

"அவ ரூவா வாங்கமாட்டா" என்றார்.

கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் இடது பக்கம் நின்றேன்.

அந்த நோட்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் பழைய மக்கனாவின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைக்கிறேன். கணக்கு அப்படியேதான் நிற்கிறது: முந்நூற்று நாற்பது பொற்காசு, வட்டியில்லாமல்.